ஒற்றைக் கோட்டுச் சுவர்

பழைய சுங்க மாளிகையின் முன்னால் பச்சை வலை கட்டி, அதன் மேல் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு பதாகையைத் தொங்கவிட்டிருந்தார்கள். "நம் பாரம்பரியம், நம் பெருமை" என்று கொட்டை எழுத்து, கீழே நகரசபையின் முத்திரை. வலையை விலக்கி எட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பெருமையின் லட்சணம் தெரியும். தெருவைப் பார்த்த முகப்புச் சுவரை மட்டும் இரும்புச் சட்டம் கொடுத்து நிறுத்திவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த மூன்று மாடியையும் வாரி வாரி லாரியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். மரப்படிக்கட்டு போயிற்று. கூடத்துக் கல்வளைவுகள் போயின. பளிங்குத் தரையை எவனோ பெயர்த்து விற்றே விட்டான். மிஞ்சியது முகம் மட்டும். அந்த முகத்துக்குப் பின்னால் ஹோட்டல் வரப்போகிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

நகரசபையில் பழைய நகரப் பிரிவு என்று ஓர் அறை உண்டு. ஒரு மேசை, இரண்டு பீரோ, ஒரே ஓர் ஊழியர். அந்த ஊழியருக்கு ஊரில் அளவுக்காரி என்று பெயர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், பழைய நகரத்தின் நூற்று நாற்பது கட்டடங்களையும் ஒரு டேப்பும் ஓர் ஏணியும் வைத்துக்கொண்டு அளந்து வரைந்தவள் அவள்தான். அந்த வரைபடங்களைக் காட்டித்தான் நூற்று நாற்பதும் பாதுகாப்புப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறிய கட்டடத்தில் சொந்தக்காரரே ஆனாலும் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. ஒரு ஜன்னலை மாற்றுவதென்றாலும் அவளிடம் மனுவோடு வந்து நிற்க வேண்டும். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. மீதிப் பேருக்கு இப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது.

சுங்க மாளிகையும் பட்டியலில் இருந்ததுதான். ஆனால் ஹோட்டல்காரர் மேலே போய், அதற்கும் மேலே போய், "முகப்பைக் காத்தால் போதும்" என்று ஒரு விலக்கு ஆணை வாங்கி வந்துவிட்டார். அளவுக்காரி மூன்று ஆட்சேபணைக் குறிப்பு எழுதினாள். மூன்றுக்கும் "பார்த்தேன்" என்று பச்சை மையில் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். பார்த்தார்களாம். எதைப் பார்த்தார்கள் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இவ்வளவு கோபத்தோடு அவள் மேசையில் உட்கார்ந்திருந்த ஒரு காலை பத்தரை மணிக்கு அக்காவின் போன் வந்தது. அக்கா சாதாரணமாகப் போன் செய்ய மாட்டாள். செய்தால் அது சண்டைக்குத்தான்.

"உங்க ஆபீஸ் பண்ற கூத்து எங்க தலையில விழுது. வந்து பாரு."

"என்ன விழுது?"

"சுவருதான். கடையில கண்ணாடித் தட்டு பூரா காரை. மாடியில விரிசல். உன் அத்தான் அதுக்குள்ள ரெண்டு விரலை விட்டுக் காட்டுறாரு. நாங்க இங்க நாலு பேரு குடியிருக்கோம், ஞாபகம் இருக்கா?"

அக்காவின் வீடு சுங்க மாளிகைக்கு அடுத்த கட்டடம். கீழே அத்தானின் மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே இரண்டு மாடியில் அக்காவும் அத்தானும் இரண்டு பெண்களும். அளவுக்காரி டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள். வழியில் தெருவின் இரண்டு பக்கமும் அவள் அளந்த கட்டடங்கள். ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்பவை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், இரண்டு பேருக்கும் பொது. கீழ்த்தளங்களில் செங்கல் வளைவுகள், மேலே செதுக்கிய மரத்தாங்கிகள் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிகள், நெற்றியில் கட்டிய ஆண்டு. அந்த நெற்றிகளில் ஏசிப் பெட்டியைத் திருகி வைத்திருந்த ஒவ்வொரு வீட்டையும் பார்த்து அவள் வாய்க்குள் திட்டிக்கொண்டே போனாள். அது பழக்கம். வேறு எதற்கும் இல்லாவிட்டாலும் நடையாவது வேகமாகும்.

கடையில் அத்தான் கையில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு பிரேம்களின் மேல் விழுந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். மைத்துனியைப் பார்த்ததும் சுவரை நோக்கித் தலையை மட்டும் ஆட்டினார். கண் பரிசோதனைக்கு எழுத்து அட்டை மாட்டியிருக்கும் சுவர் அது. சுங்க மாளிகைக்கும் இந்த வீட்டுக்கும் பொதுவான சுவர். அட்டைக்கு மேல் உத்திரம் சுவருக்குள் போகும் இடத்தில் தொடங்கி, கோணலாக இறங்கி, பெரிய எழுத்து வரிசைக்குக் கொஞ்சம் மேலே நின்றிருந்தது விரிசல்.

"நேத்து இது இல்ல," என்றார் அத்தான். "இன்னைக்குக் காலையில அந்தப் பக்கம் ஏதோ இழுத்தாங்க. டமார்னு ஒரு சத்தம். அப்புறம் இது."

மாடிக்கு ஏறினாள். பெண்களின் அறையில் விரிசல் இன்னும் அகலம். உத்திரத்தின் முனை சுவருக்குள் இருந்த குழியிலிருந்து ஒரு விரற்கடை வெளியே வந்து, வேலைக்குப் போகக் கிளம்பியவன் மாதிரி நின்றது. 

"எல்லாரும் கீழே போங்க. கடையிலயும் நிக்க வேண்டாம். தெருவுக்குப் போங்க."

"போறேன்," என்றாள் அக்கா. போகவில்லை. மூட்டுவலிக்காரி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாடியில ஒரு பாத்ரூம் கட்டிக்கிறேன்னு உன்கிட்ட ரெண்டு தடவை மனு குடுத்தேன். சுவர்ல ஒரு குழாய்க்கு ஓட்டை போடக் கூடாதுன்னு எழுதி அனுப்பினே. கூடப் பிறந்தவளுக்கு. சரி, சட்டம்னு வாயை மூடிக்கிட்டேன். தினமும் ரெண்டு மாடி இறங்கி ஏறுறேன். இப்போ பக்கத்துல ஒருத்தன் அதே சுவரைக் கடப்பாரை வெச்சுப் பேக்குறான். அவனுக்கு எந்தச் சட்டம்?"

 அக்கா கேட்டது நியாயமாக இருந்ததே அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. "கீழே போன்னு சொன்னேன்ல," என்று கத்திவிட்டுப் படியிறங்கினாள்.

சுங்க மாளிகைக்குள் நுழைந்தவுடன் தூசு தொண்டையை அடைத்தது. மேலே வானம் தெரிந்தது. பொதுச்சுவரில் இரண்டாம் மாடி மட்டத்தில் ஒன்பது உத்திரங்கள் இருக்க வேண்டும். நான்கைக் காணவில்லை; நான்கு கருப்புக் குழிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஐந்தாவது உத்திரத்தில் சங்கிலி மாட்டியிருந்தார்கள். சுவரின் மேற்பகுதியை ஒரு சாண் ஆழத்துக்குச் செதுக்கியும் எடுத்திருந்தார்கள்.

மேஸ்திரி சாரத்திலிருந்து இறங்கி வந்தார். தலையில் துண்டு, காதில் பென்சில், முகமெல்லாம் சுண்ணாம்பு. நகரசபை அட்டையைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தச் சுவர்ல கை வைக்க உங்களுக்கு யாரு சொன்னது?" என்று எடுத்த எடுப்பில் பாய்ந்தாள் அவள். "இது பொதுச்சுவர். உங்க உத்திரமும் பக்கத்து வீட்டு உத்திரமும் ஒரே குழியில தலைக்குத் தலை முட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. நீங்க இதை இழுத்தா அந்தப் பக்கம் இருக்கிறது ஆடும். ஆளு குடியிருக்காங்க அங்க. இத்தனை வருஷம் தொழில் பண்றீங்க, இது கூடத் தெரியாதா?"

மேஸ்திரிக்கும் ரோஷம் வந்துவிட்டது. "படம் சொல்றதைத்தானம்மா நான் செய்ய முடியும்? என்னை ஏன் பேசுறீங்க?" மடித்து மடித்துக் கிழியத் தொடங்கியிருந்த ஒரு ஜெராக்ஸ் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். "இங்க பாருங்க. இடது பக்கம் தடிச் சுவரு. உத்திரம், குழி, மாடம் எல்லாம் அளவோட போட்டிருக்கு. அந்தப் பக்கம் ஒரு ஆணிகூட நான் அடிக்கல. வலது பக்கம் பாருங்க. ஒத்தைக் கோடு. ஒத்தைக் கோடுன்னா என்ன? பூச்சுக்கு நிறுத்தின மெல்லிசுத் தடுப்பு. அதுக்குப் பின்னாடி பக்கத்து வீட்டுக்காரருக்குத் தனியா சுவர் இருக்கும்னுதானே எவனும் நினைப்பான்? இதை வரைஞ்சவரு கண்ணைத் திறந்துக்கிட்டு வரைஞ்சாரான்னு முதல்ல அவரைப் போய்க் கேளுங்க."

தாளின் மூலையில் சின்னதாக ஒரு கையெழுத்து இருந்தது. அது அவளுடையது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அவளுக்குக் கொடுத்தது எட்டே மாதம். நூற்று நாற்பது கட்டடம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர்தானே, அதை ஏன் இரண்டு தாளிலும் இரண்டு முறை வரைய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு விதி வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தாளிலும் அந்தக் கட்டடத்தின் இடது சுவரை மட்டும் முழுசாக வரைவது. வலது சுவருக்கு ஒற்றைக் கோடு. அந்த வலது சுவர்தான் அடுத்த வீட்டுக்கு இடது சுவர், ஆகவே அடுத்த தாளில் அது முழுசாக வந்துவிடும். மூன்று மாத வேலை மிச்சம். விதியைத் தொகுதியின் முதல் பக்கத்தில் தெளிவாக எழுதியும் வைத்திருந்தாள். கெட்டி அட்டை போட்டுக் கட்டிய தொகுதியைப் புரட்டுகிறவனுக்கு ஒரு குழப்பமும் வராது. அப்போதைய ஆணையர் அவளைக் கூப்பிட்டு, "புத்திசாலித்தனமான வேலை" என்று பாராட்டியதுகூட உண்டு. அவளும் அந்தப் பாராட்டைப் பல வருடம் நெஞ்சுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

தொகுதியிலிருந்து ஒரு தாளை மட்டும் உருவி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் முதல் பக்கம் கூட வராது என்பது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை.

"இதை யாரு குடுத்தா?" குரல் இறங்கியிருந்தது.

"உங்க ஆபீஸ் இன்ஜினியருதான். ஒரு தாள்தான் குடுத்தாரு. வேற ஏதாவது இருக்கான்னு கேட்டேன். இதுவே போதும்னாரு."

அவள் போன் செய்த கால் மணி நேரத்தில் இன்ஜினியர் வந்து சேர்ந்தார். வெள்ளைத் தலைக்கவசம், மடிப்புக் கலையாத சட்டை. குழிகளைப் பார்த்தார், விரிசலைப் பற்றிக் கேட்டார், தாளைப் பார்த்தார். அவர் முகம் ஒரு நிமிடம் வெளிறியது. ஆனால் அந்த நிமிடம் முடிவதற்குள்ளேயே மனிதர் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்.

"கொஞ்சம் மெதுவா பேசுவோம் மேடம்."

"மெதுவா பேசுற நேரமா சார் இது? ஒரு தாளை உருவிக் குடுத்தீங்களே, தொகுதியைத் திறந்து முதல் பக்கத்தைப் படிச்சீங்களா?"

"முந்நூறு பக்கத்தை யாரு படிக்கிறது? ஒரு தாளைப் பார்த்தா அந்தக் கட்டடம் முழுசா புரியணும். அப்படி வரைஞ்சிருக்க வேண்டியது நீங்க." குரலை இன்னும் தாழ்த்தினார். "சரி, தப்பு யாருதுன்னு அப்புறம் பார்ப்போம். இப்போ வேலையை நிறுத்தணும்னா கான்ட்ராக்டருக்கு எழுத்துல குடுக்கணும். அவரு என் வாய்ச்சொல்லுக்கு நிறுத்த மாட்டாரு, ஹோட்டல்காரரோட ஆளு. எழுத்துல என்ன காரணம் எழுதுவீங்க? படம் தப்புன்னுதானே? எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

யோசிக்கத் தேவையில்லை. அவளுக்கே மனப்பாடம். கட்டட உரிமையாளர்கள் சங்கம் பட்டியலை எதிர்த்து இரண்டு வருடமாக வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி ஆணை; ஒவ்வோர் ஆணைக்கும் அதற்குரிய ஒரு தாள்தான் ஆதாரம். அந்தத் தாள் அந்தக் கட்டடத்தை முழுமையாகக் காட்டவில்லை என்று ஒருவர் நிரூபித்துவிட்டால் ஆணை நிற்காது. ஒரு தாள் விழுந்தால் அதே விதிப்படி வரைந்த நூற்று நாற்பதும் விழும்.

"நான் ஒண்ணு சொல்றேன்," என்றார் இன்ஜினியர். "எழுத வேண்டாம். நாளைக்குக் காலையில நான் வேற ஆளை வெச்சு உங்க அக்கா வீட்டுப் பக்கம் முட்டுக் குடுத்துடுறேன். யாருக்கும் தெரிய வேண்டாம். சுவரும் நிக்கும், பட்டியலும் நிக்கும். நீங்க பன்னெண்டு வருஷமா கட்டிக் காத்த பட்டியல் மேடம்."

பூசி மெழுகுவதில் அந்த ஆளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் பாழாய்ப்போன அந்தப் பேச்சு அவள் காதில் இனிக்கத்தான் செய்தது. ஒரு கணம் இனித்தது. அதற்காக அவள் தன்னையே பின்னால் பலமுறை திட்டிக்கொண்டாள்.

தள்ளி நின்ற மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "நாளைக்குன்னா சரிப்படாது சார். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மிச்சம் இருக்கிற அஞ்சு உத்திரமும் இறங்கணும்னு எனக்கு உத்தரவு. நான் இழுக்கலைன்னா வேற ஆளு வந்து இழுப்பான். ரெண்டாவது, நாளைக்கு முட்டுக் குடுக்க அந்தப் பக்கம் என்ன மிஞ்சியிருக்கும்னு நான் சொல்ல முடியாது." பிறகு அவளைப் பார்த்து, "எங்க ஆளுங்க இப்போ டீ குடிக்கப் போறாங்கம்மா. கால் மணி நேரம். அதுக்குள்ள ஒரு எழுத்து என் கையில இருந்தா நான் நிறுத்திடுவேன். இல்லேன்னா எனக்கு வேற வழியில்ல," என்றார்.

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மேலே போய் விலக்கு ஆணை வாங்கிய ஹோட்டல்காரர் மேல். பச்சை மையில் "பார்த்தேன்" என்று எழுதியவன் மேல். முதல் பக்கத்தைப் புரட்டச் சோம்பல்பட்ட இந்த மடிப்புச் சட்டை மேல். எட்டு மாதத்தில் முடி என்று தலையில் கட்டியவர்கள் மேல். எல்லோரையும்விட, மூன்று மாதத்தை மிச்சம் பிடித்த அந்த இளம் அளவுக்காரி மேல். அவள் மட்டும் எதிரே வந்து நின்றிருந்தால் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பாள்.

மேஸ்திரியின் கையிலிருந்து ஜெராக்ஸ் தாளைப் பிடுங்கினாள். செங்கல் அடுக்கின் மேல் விரித்தாள். அவர் காதிலிருந்த பென்சிலை எடுக்காமல் தன் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். வலது பக்கத்து ஒற்றைக் கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது கோட்டை இழுத்தாள். ஒன்பது உத்திரங்களையும் குறித்தாள். கீழே எழுதினாள்: "இது இரு வீடுகளுக்கும் பொதுவான, பாரம் தாங்கும் சுவர். இந்தத் தாளில் முழுமையாகக் காட்டப்படவில்லை. பிழை என்னுடையது. வேலையை உடனே நிறுத்தவும்." தேதி, நேரம், கையெழுத்து, பதவி முத்திரை.

"நூத்தி நாப்பது வீட்டையும் ஒரே கையெழுத்துல கவுத்துட்டீங்க," என்றார் இன்ஜினியர்.

"நாலு பேரு குடியிருக்காங்க சார் அங்க. ரெண்டு பொண்ணுங்க. நாளைக்கு முட்டுக் குடுக்கிறேன்னு சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு?"

மேஸ்திரி தாளை வாங்கி, மெதுவாக இரண்டு முறை படித்துவிட்டு, ஐந்தாவது உத்திரத்திலிருந்து சங்கிலியைக் கழற்றச் சொன்னார். சாயங்காலத்துக்குள் இரண்டு பக்கமும் இரும்பு முட்டுகள் ஏறிவிட்டன. யாரும் கேட்காமலே தன் ஆட்களை அனுப்பி அக்கா வீட்டிலும் நிறுத்திக் கொடுத்தவர் அந்த மேஸ்திரிதான். அந்த முழுக் கதையிலும் தன் வேலையைச் சரியாகச் செய்த ஒரே ஆள் அவர்தான் என்றும், அவரைப் போய் முதலில் கடித்துக் குதறினோமே என்றும் அளவுக்காரி வெகுநாள் நொந்துகொண்டாள்.

அந்தத் தாள் எப்படிச் சங்கத்தின் வக்கீல் கைக்குப் போனது என்று யாரும் விசாரிக்கவில்லை. ஹோட்டல்காரர்தான் சங்கத் தலைவர். விசாரிக்க என்ன இருக்கிறது? ஐந்து வாரம் கழித்து வழக்கு விசாரணைக்கு அவளைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் நகரசபையின் வக்கீல் அவளை ஓரங்கட்டினார்.

"அந்த ஒரு தாள்ல மட்டும் விடுபட்டுப் போச்சுன்னு சொல்லுங்க மேடம். வேலை அவசரத்துல ஒரு கோடு விடுபடுறது சகஜம். மத்ததைப் பத்தி நீங்களா வாயைத் திறக்காதீங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

உள்ளே சங்கத்து வக்கீல் மிக மரியாதையாகப் பேசினார். தாளைக் காட்டினார். கையெழுத்து உங்களுடையதா என்றார். ஆமாம் என்றாள். பிழை என்று எழுதியது நீங்கள்தானா என்றார். ஆமாம் என்றாள்.

"மற்ற நூற்று முப்பத்தொன்பது தாள்களிலும் வலது சுவர் இப்படித்தான் காட்டப்பட்டிருக்கிறதா?"

நகரசபை வக்கீல் இருமினார். ஒரு சின்னப் பொய் போதும். தொகுதி பீரோவில் இருக்கிறது, அதைத் திறக்கிற வழக்கம் யாருக்கும் கிடையாது. ஆனால் அதே தெருவில் மூன்று வீடு தள்ளித் துணிக்கடைக்காரர் பின்கட்டை இடிக்க மனுக் கொடுத்திருந்தார். அவர் கையிலும் ஒரு ஜெராக்ஸ் தாள் இருந்தது, அதிலும் ஓர் ஒற்றைக் கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒரு தையல் கடை. மேல்மாடியில் படுத்த படுக்கையாக ஒரு கிழவர். அடுத்த தடவை டீ குடிக்கப் போகிற மேஸ்திரி வாய்க்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

"ஆமா," என்றாள். "எல்லாத்துலயும் அப்படித்தான். நூத்தி நாப்பதையும் நான்தான் வரைஞ்சேன். அந்த விதியும் நான் வெச்சதுதான். ஆனா பன்னெண்டு வருஷமா அந்தத் தொகுதி இந்த ஊரு ஆபீஸ்லதான் இருக்கு. அதுல முதல் பக்கம்னு ஒண்ணு இருக்கு. அதை ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு..."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்," என்றார் விசாரணை அதிகாரி. அவள் சொன்னதில் "ஆமாம்" என்ற ஒரு சொல்தான் பதிவேட்டில் ஏறியது.

மூன்றாம் மாதம் பட்டியல் ரத்தாயிற்று. எல்லாவற்றையும் மறுபடி அளந்து முழுசாக வரைய ஓர் ஆண்டும் இரண்டு ஆட்களும் கொடுங்கள் என்று அவள் எழுதினாள். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அது பரிசீலனையில் இருக்கும்போதே மனுக்கள் வரத் தொடங்கிவிட்டன. துணிக்கடைக்காரர், அச்சகம், மருந்துக்கடை வீடு, வளைவு வைத்த தானியக் கிடங்கு. எல்லாவற்றுக்கும் பழைய நகரப் பிரிவின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும். பட்டியலே இல்லாத ஊரில் எதைச் சொல்லி ஆட்சேபிப்பது? ஒன்றை மட்டும் அவள் விடவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும், பொதுச்சுவருக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்த பிறகே இடிக்க வேண்டும் என்று கையால் எழுதினாள். இன்ஜினியர், "இதையெல்லாம் அச்சடிச்சு வெச்சுக்கலாமே மேடம்," என்றார். அவள் அன்று அவரிடம் பேசிய பேச்சு மாடி முழுக்கக் கேட்டதாகச் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா அலுவலகத்துக்கு வந்தாள். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்த மாடிப்படி ஏறியதில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"நீதான் கையெழுத்துப் போடணும்னு கீழே சொன்னாங்க."

இடிப்பு மனு. மூக்குக்கண்ணாடிக் கடையும் அதன் மேல் இரண்டு மாடியும். மனுதாரர் அத்தான். இணைப்பாக ஒரு விற்பனை ஒப்பந்தம், வாங்குபவர் ஹோட்டல்காரர். கார்கள் உள்ளே நுழைய வழி வேண்டுமாம். இரண்டு பக்கமும் ஒருவருக்கே சொந்தமாகிவிட்டதால் நடுச்சுவர் இனி யாருக்கும் பொது இல்லை என்று ஒரு வரி தனியாகச் சேர்த்திருந்தார்கள்.

அவள் அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். காது சூடேறியது.

"இவன்கிட்டயா? உங்க வீட்டுக்குள்ள சுவரைத் தள்ளப் பார்த்தவன்கிட்டயா? இதுக்காடி அன்னைக்கு நான் என் வேலையை, என் பட்டியலை, நூத்தி நாப்பது வீட்டை..." கோபத்தில் அக்காவை "டி" போட்டுப் பேசியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

அக்காவுக்கு உறைத்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "புது ஃப்ளாட்டு லிஃப்ட்டோட இருக்கு. ரெண்டு பாத்ரூம். பொண்ணுங்க அந்த விரிசலைப் பார்த்துக்கிட்டே எத்தனை நாள் தூங்குவாங்க? அறைக்கு நடுவுல இரும்புத் தூணு நிக்குது, அதைச் சுத்தித்தான் கட்டிலைப் போட்டிருக்கோம்." மனுவைத் தங்கையின் பக்கம் நகர்த்தினாள். "எங்க தலையில விழக்கூடாதுன்னுதானே அன்னைக்கு எழுதிக் குடுத்தே?"

"ஆமா."

"விழல. நாலு பேரும் முழுசா இருக்கோம். அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். இனிமே அந்தச் சுவரை நாங்களே இறக்கிக்கிறோம். போடு கையெழுத்தை."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்று தேடினாள். எதிரே இருந்தது முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த அக்கா மட்டும்தான். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. வயிற்றெரிச்சலே அதுதான்.

பேனாவை எடுத்தாள். பொதுச்சுவர் வரியை எழுதத் தொடங்கினாள்; அதை எழுத இனி இடமில்லை என்று மனுவே சொல்லிவிட்டதால் அடித்தாள். ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முத்திரையை வேண்டியதைவிட இரண்டு மடங்கு வலுவாகக் குத்தியதில் மேசை ஆடியது.

"மூணாவது கவுன்ட்டர்ல சீல் வெச்சுக்கோ," என்றாள். "பன்னெண்டரைக்கு மேல அந்த ஆளு இருக்க மாட்டான். சீக்கிரம் போ."